தறி அட்டையும் எழுதும் எந்திரமும்

1976 பிப்ரவரி 21, சனிக்கிழமை. மேகமூட்டம், மழையில்லை.

திருத்தணிப் பள்ளிக் கண்காட்சியில் மகள் அம்சா செய்த எந்திரத்தினருகே நெசவாளர் கோதண்டபாணி கைகட்டி நின்றார். சேலையில் பூ நெய்ய உதவும் தறி அட்டையின் துளைகளுக்கேற்பப் பேனா புள்ளி வைத்து எழுதியது. தேர்வானால் சென்னைப் போட்டிக்குப் போகலாம்.

“தமிழா, தெலுங்கா? படிக்கவே முடியலையேம்மா!” என்றார் நடுவர்.

அம்சாவின் கண்கள் கலங்கின. அட்டையில் துளையிட்டவர் கோதண்டபாணியே. பதறிப்போய்த் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார்.

“தறியில துணியோட நல்ல பக்கம் அடியிலதாங்க இருக்கும். அந்தப் பழக்கத்துல திருப்பிக் குத்திட்டேங்க.”

எழுத்துகள் நேராயின. நடுவர் அவற்றைப் படித்துவிட்டு, தந்தை பெயரோடு மேசையில் இருந்த அம்சாவின் பெயர்ச்சீட்டைப் பார்த்தார்.

“சென்னைக்குத் தயாராகும்மா. ஐயா, உங்க பேரையே குத்தியிருக்கீங்களே!”

“என் பேருங்களா? எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. பாப்பா வரைஞ்ச பூன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

அம்சா அவர் விரலைப் பிடித்துத் தாளின்மேல் வைத்தாள். “இது ‘கோ’, நைனா.”

அப்போது மணி பகல் பன்னிரண்டு பத்து.