மூன்று கை மாறிய அல்வா

“சீட்டு மாறி ஒட்டிப்போட்டோம்ணு மட்டும் மைக்கில சொல்லுட்டீ, போரும்…”

“சீட்டத் தின்னா பயலுக்கு தொண்ட வீங்கிச்சு? கடலை போட்டேம்ணு நீங்களே சொல்லுங்க, லீலாக்கா!”

“மெல்லப் பேசு, மைக்கு ஆன்ல கெடக்காக்கும்!”

தேவாலயத்து அறுப்புப் பண்டிகைப் பந்தலில், ஏல மேசைக்குப் பின்னால் லீலாபாயும் கிறிஸ்டலும் மல்லுக்கு நிற்கிறார்கள். ஓலை இடுக்கில் இறங்கும் உச்சி வெயிலில் மேசைமேல் அல்வாப் பொட்டலங்கள் எண்ணெயாய் மினுங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ‘முந்திரி அல்வா’ என்று லீலாபாயின் கையெழுத்து. முந்திரி போதாமல் நிலக்கடலையை அரைத்துச் சேர்த்ததும் அவள்தான். கடலை உடம்புக்கு ஆகாத சிறுவன் சஜன், சீட்டை நம்பி ஒரு துண்டு தின்றான். மூச்சுமுட்டியவனைத் தாயும் தகப்பனும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப்பின் புழுதி வாசலில் இன்னும் அடங்கவில்லை. ஆளாளாய்க் கேட்டு வாங்கியதில், விற்ற இருபதில் பத்தொன்பது பொட்டலம் திரும்பி வந்துவிட்டது. மீதி ஒன்றை ஏலம் எடுத்தவர் கர்த்தருக்கென்று மறுபடி ஏலத்துக்கே கொடுத்தார். அடுத்தவரும் அப்படியே கொடுத்தார். மூன்றாவதாக எடுத்தது யாரென்று ஒருவருக்கும் நினைவில்லை. பந்தல் முழுக்கப் பிள்ளைகள் எதையாவது மென்றுகொண்டு ஓடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில்தான் எங்கோ சஜனின் தங்கை அஜிஷாவும். அவளுக்கும் கடலை ஆகாது.

லீலாபாய் சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைக்கிறாள். மறுபடியும் துடைக்கிறாள். சட்டென்று மைக்கைப் பிடுங்க, அது கீச்சிடுகிறது.

“நான் லீலாபாயாக்கும். அல்வாயில கடலை உண்டு, நாந்தான் போட்டேன். மக்கா அஜிஷா, கையில என்ன இருந்தாலும் கீழ போட்டுட்டு எனக்க பக்கத்துல வா பிள்ளே… நீ எங்க நிக்க?”