கீரைக்கு அடியில்

ஊரே மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குள் அடைந்திருந்த நேரம். ரோமானியர் கட்டிய அந்தக் கோட்டை மதில்மேல் அமரோவைத் தவிர ஆள் இல்லை. கனத்த கடைப்பையை இறக்கிவைத்துவிட்டு, மதிலில் இருந்த பொந்துக்குள் கையை விட்டார்.

"பெரியவரே, கையை எடுங்க!"

மதில் காவலர் ஒப்துலியா. அமரோ பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினார்.

"பையில என்ன?"

"கீரைம்மா. சூப்பு வைக்க."

"ஏறி வரும்போதே கீழேருந்து பார்த்தேன். கீரையைத் தூக்கினா தோள் அப்படி ஒரு பக்கமாச் சாயுமா? கொட்டுங்க."

கீரைக்கு அடியிலிருந்து ஒரு கல் தொம்மென்று விழுந்தது. மதில் கல்.

"ஆயிரத்தெழுநூறு வருஷத்துக் கல்லு! திருடினா ஜெயில்னு தெரியுமில்ல?"

"திருடலம்மா. திருப்பி வைக்க வந்தேன். எங்க தாத்தா பன்னிக்கொட்டில் கட்ட உருவின கல்லு. இந்தப் பொந்துதான்னு சாகும்போது சொன்னாரு. நீயே வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. ஒப்துலியா இருபக்கமும் பார்த்தாள். சட்டென்று கல்லை உருவிப் பைக்குள் போட்டு, மேலே கீரையை அள்ளி மூடினாள்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, சீக்கிரம்!"

"என்னம்மா இது அநியாயம்?"

"மதில் இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும்னு சட்டம். கல்லு மட்டுமில்ல, பொந்தும் பாதுகாக்கப்பட்ட சொத்து. அடைச்சாலும் ஜெயில்தான்."

"உனக்கென்னம்மா, சட்டம் பேசுற. உறுத்துறது எனக்குத்தானே?"

ஒப்துலியாவின் குரல் இறங்கியது.

"எங்க வீட்டு அடுப்புக்கு அடியில நாலு கல்லு கிடக்கு. எப்படியாவது திருப்பி வெச்சிடலாம்னுதான் இந்தக் காவல் வேலைக்கே வந்தேன். பதினோரு வருஷமாச்சு."