பேகம் இழுத்து வந்த திருடன்

பளாரென்று அறை விழுந்தது. "வாயத் தொறந்து சொல்லுலே! போனைத் திருடுனேன்னு சொல்லு!"

தாராவி தெருக் கமிட்டி அறை நடுவில் மகன் தௌசீப்பை நிறுத்தி வைத்து அடித்தாள் பேகம். பதினைந்து வயதுப் பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிரே கமிட்டித் தலைவர் வானமாமலை, பான் மென்றபடி வேடிக்கை பார்த்தார்.

கெட்டுப்போகிற பையன்களைப் போலீசில் விடாமல் தெருவே திருத்துவதற்காக வந்த கமிட்டி அது. பையன் நாலு பேர் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு செம்பூரில் ஒரு டிரஸ்ட் ஒரு வருஷம் சோறு போட்டு, ஏசி மெக்கானிக் வேலை பழக்கிவிடும்.

நல்ல காரியந்தான். ஆனால் சுவரில் திருந்திய பையன் படம் ஒன்றுகூட இல்லை. வானமாமலை மாலை வாங்கிய படங்கள் மட்டும் ஏழு.

"எங்கலே போனை அடிச்சே?" என்றார் வானமாமலை.

பையன் உம்மாவின் முகத்தைப் பார்த்தான். "சயான் ஸ்டேஷன்ல அண்ணாச்சி," என்றாள் பேகம்.

"போன் எங்க?"

"வித்துத் தின்னுட்டான்."

"வளத்த லட்சணம் அப்படி," என்று மூலையில் துப்பினார் வானமாமலை. "புருசன் இல்லாத வீடு. வேற என்ன வெளங்கும்?"

பேகம் அதையும் விழுங்கினாள். "கல்லிச் சந்துப் பயலுவ கஞ்சாப் பொட்டலம் விக்கக் கூப்பிடுதானுவ அண்ணாச்சி. இந்த வருசம் விட்டா இவன் எனக்கு இல்ல."

"அரே, சீக்கிரம் ஆகட்டும். ஒரு எடந்தான் பாக்கி. அவன் வாயால வரணும்."

"உம்மா, வீட்டுக்குப் போவோம்," என்றான் பையன். மறுபடி கை ஓங்கினாள்.

"திருடுனேன்."

உடனே ஒரு சிலேட்டை அவன் நெஞ்சில் பிடிக்க வைத்தார்கள். பேர், வயசு, மொபைல் திருட்டு. வானமாமலை தன் போனில் படம் எடுத்தார். "தலையக் குனிலே. டிரஸ்டுக்குப் போற போட்டோ. திருடன் மாதிரி நிக்க வேண்டாமா?"

பையன் தலையைக் குனிந்தான். கண்ணீர் சிலேட்டில் விழுந்து எழுத்து கலைந்தது. "மறுபடி எழுது," என்றார் வானமாமலை. வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லை.

பட்டியலில் பேர் எழுதிக்கொண்டிருந்த காரியதரிசி ஜெயினுலாப்தீன் மட்டும் பேனாவை நிறுத்திப் பையனை உற்றுப் பார்த்தார்.

"தங்கச்சி, போன மாசம் இவன் மார்க் ஷீட்டைத் தூக்கிட்டு, இதே ஏசி வேலை பழக எடம் கேட்டு வந்தது நீதானே?"

பேகம் முந்தானையால் மகன் முகத்தைத் துடைத்தாள்.

"ஆமா காக்கா. திருடாத பிள்ளைக்கு எடமில்லன்னு அனுப்புனது நீங்கதானே?"