ஓரம் கிழிந்த இறக்கை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு சின்னக் கதை சொல்கிறேன். உங்கள் காப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

பெட்டிக்குள் இருந்த பட்டாம்பூச்சிக் கூட்டில் ஓட்டை விழுந்திருந்தது.

தாரணியின் அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு மிளகு நுழையும் அளவுக்கு வட்டமான ஓட்டை.

பட்டாம்பூச்சி என்றால் கூடு வெடித்துத் திறந்திருக்கும். இப்படித் துளை போட்டுக்கொண்டு வராது.

பெட்டியை மூடியிருந்த கொசுவலைத் துணியில் ஒரு குளவி உட்கார்ந்திருந்தது. ஒல்லியாக, நூல்போல இடுப்பு.

புழுவாக இருந்தபோதே ஒரு தாய்க்குளவி அதற்குள் முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. குஞ்சு உள்ளே இருந்ததைத் தின்றே வளர்ந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பெட்டிக்குப் பக்கத்தில், வெறுந்தரையில், அவர் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். விடிகிற நேரத்தில்தான் கண் அசந்திருப்பாள், பாவம்.

அது தாரணி வளர்த்த புழு. அவர்களுடைய ஒரே மகள்.

பால்கனித் தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலையில் புழு தேடுவாள். பெட்டியில் வைத்து, தினமும் புது இலை போட்டு வளர்ப்பாள். பட்டாம்பூச்சியானதும் பறக்கவிடுவாள். கடைசிப் புழு கூடு கட்டிய அன்று அவளுக்குக் காய்ச்சல்.

ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அம்மாக்காரி அழவில்லை. யார் கட்டிக்கொண்டு அழுதாலும் அவள் கண் பெட்டியிலேயே இருந்தது.

"இது பறக்கட்டும். அப்பறம் அழுதுக்கறேன்."

அவர் செருப்பைக் கையில் எடுத்தார்.

குளவி தன் கால்களை ஒன்றோடொன்று தேய்த்துத் துடைத்துக்கொண்டது.

அதுவும் இந்தப் பெட்டியில் பிறந்ததுதானே.

சன்னலைத் திறந்து போகவிட்டார்.

தோளில் துண்டோடு படியிறங்கினார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். இரவு பெய்த மழையில் கீழே ஒரே சேறு. இட்லிப்பூச் செடிகளில் அப்போதுதான் வெயில் விழுந்துகொண்டிருந்தது. பூமேல் ஒரு பட்டாம்பூச்சி. கறுப்பு இறக்கை, வெள்ளைப் புள்ளி வரிசை. மகள் பறக்கவிடுவதும் இதே வகைதான்.

துண்டை வீசினார். தப்பிவிட்டது. மறுபடி வீசினார்.

வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரர் சிரித்தார். "ஏனுங் சார், இந்த வயசுல பூச்சி புடிக்கற வெளையாட்டா?"

கேட்ட பிறகுதான் தாரணியின் நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பை விழுங்கிக்கொண்டார். எழுந்து வந்து செடிக்கு மறுபக்கம் நின்று, இரண்டு கைகளையும் விரித்து மறித்துக்கொண்டார்.

பிடித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து பெட்டியில் விட்டார். காலிக் கூட்டை நகத்தால் கீறிப் பிளந்துவைத்தார்.

"எந்திரிச்சுப் பாரு. வந்துருச்சு."

அவள் பெட்டிமேல் குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

கறுப்பு மங்கியிருந்தது. ஒரு இறக்கையின் ஓரம் கிழிந்திருந்தது. பல நாள் காற்றிலும் முள்ளிலும் திரிந்த இறக்கை.

அவருக்கே அது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரும், அதில் நனைத்த பஞ்சுமாக வந்தாள்.

முன்பு ஒருமுறை, கூட்டைவிட்டு அப்போதுதான் வந்த பட்டாம்பூச்சி ஒன்றுக்கு இப்படிக் கொண்டுவந்து வைத்தவள்தான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, பொறந்த ஒடனே சோறு ஊட்டோணுமா உனக்கு? ரெக்க காயற வரைக்கும் அதுக்குப் பசியே எடுக்காதும்மா!"

அதற்குப் பிறகு புதிதாகப் பிறந்த எதற்கும் அவள் வைத்ததே இல்லை.

இப்போது வைத்தாள்.

பட்டாம்பூச்சி சுருட்டி வைத்திருந்த குழலை நீட்டியது. குடித்தது.

"குடிக்கட்டும். ரொம்பத் தொலவு அலஞ்சு வந்திருக்குமாட்ட இருக்குது."



அவர் முகத்தைப் பார்க்காமலே அவள் சொன்னாள். "நீங்க போயிக் கால் கழுவீட்டு வாங்க. வீடெல்லாஞ் சேறு."

குளியலறையில் குழாயைத் திறந்தார். பால்கனிக் கதவு திறக்கும் ஓசை கேட்டது.



பிறகு அவள் அழும் குரல் கேட்டது.

சேறு எப்போதோ போய்விட்டது. அவர் குழாயை மூடாமல் நின்றார்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டைவிட்டு வெளியே போனவர்கள் எல்லாரும், விளக்கு வைப்பதற்குள் வீடு வந்து சேரட்டும்.