முதலில் பதிந்தவர்

வானம் கருத்துக்கொண்டு வந்தது. அறுவடை இயந்திரம் ஐயாவுவின் வயலைத் தாண்டிப் போனது, அன்றைக்கு நான்காவது முறையாக.

"ஊர்ல முதல்ல பேர் பதிஞ்சது நான்தானேம்மா?" என்றார் ஐயாவு, சாயத் தொடங்கிய சம்பாவைப் பார்த்தபடி.

மகள் செம்மொழிக்கு முகம் சிவந்தது. சிபாரிசில் யாரும் முந்தக் கூடாதென்று, கம்ப்யூட்டரில் நிரல் எழுதி, போனிலேயே அறுவடைக்குப் பெயர் பதிய வழிசெய்தவளே அவள்தான். டிரைவர் சித்தீக் ஆள் பார்த்து அறுக்கிறாரோ?

வரப்பில் ஓடிப்போய் இயந்திரத்தை மறித்தாள்.

"யார் சொல்லிண்ணே எங்க வயலை விட்டுட்டுப் போறீங்க?"

"நீங்க கொடுத்த லிஸ்ட்டுதாம்மா சொல்லுது." சித்தீக் போனை நீட்டினார். "மேலேர்ந்து வரிசையாத்தான் அறுக்கிறேன். உங்கப்பா பேரு கடைசியில இருக்கு."

பட்டியலின் உச்சியில் அன்று காலை பதிந்தவர் இருந்தார். சென்னை ஆபீசில் செய்தித் தளத்துக்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள் செம்மொழி. அங்கே புதியதுதான் எப்போதும் மேலே வரும்.

பின்னாலேயே வந்த ஐயாவு கேட்டார். "சோதிச்சுப் பாத்துட்டேன், உங்க பேருதான் முதல்ல வருதுன்னு சொன்னியே?"

போன் திரையில் ஒரு தூறல் துளி விழுந்தது.

"வந்துச்சுப்பா," என்றாள். "அப்ப நீங்க ஒருத்தர்தான் பதிஞ்சிருந்தீங்க."