கன்னத்தில் ஒதுங்கிய மாத்திரை

“வாயைத் தொற கண்ணு. முழுங்கிப்போட்டயான்னு நான் பாக்கோணும்.”

புவனா வாயைத் திறந்து காட்டினாள். மாமியார் வள்ளியாத்தாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தாள். நாக்கில் மாத்திரை இல்லை. அவளுக்குத் திருப்தி.

“எட்டு மணி நேரத்துக்கொருக்கா, அஞ்சு நாளைக்கு. காச்சல் உட்டாலும் நிறுத்தப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு” என்றபடி தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் தலை மறைந்ததும், கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வைத்திருந்த மாத்திரையைப் புவனா துண்டில் துப்பினாள். முடிச்சுப் போட்டுத் தலையணை உறைக்குள் தள்ளினாள். மூன்று நாளாக இதே கள்ளத்தனம். இது ஒன்பதாவது.

காய்ச்சல் இறங்குவதாக இல்லை. தொண்டையில் சீழ் வைத்து, எச்சில் விழுங்கவே பிராணன் போனது. கருமத்தம்பட்டியில் பகலெல்லாம் ஓடும் தறிச் சத்தம் அவள் காதில் மழையாகப் பெய்தது. கட்டில் மெல்ல மிதந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் பின்பக்கமாக நடந்தது. பிறந்த ஊரான தாராபுரத்து அமராவதி ஆறு அறைக்குள்ளேயே வந்து, கால்மாட்டில் சில்லென்று ஓடியது. அதன் நடுவில் பன்னிரண்டு வயதுப் புவனா நின்றுகொண்டிருந்தாள், உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டு.

அன்றைக்கும் தொண்டை வலிதான். விழுங்கியது ஒரே ஒரு மாத்திரை. பிழைத்ததே பெரிய காரியம். ‘இந்தப் பிள்ளைக்குப் பென்சிலின் வகை எதுவும் ஆகாது. எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்’ என்று அந்த ஊர் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

வந்த இரண்டு வரன்கள் இதைக் கேட்டதும் நைசாக நழுவிவிட்டன. மூன்றாவது வரனிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். “எங்க பொண்ணுக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லீங்க” என்று அவர் அடித்துவிட்டபோது, புவனாவும் காபித் தட்டோடு நின்று தலையாட்டினாள்.

கல்யாணமாகி இரண்டே மாதம். இந்த வீடு அவளுக்குப் பிடித்துப் போயிருந்தது. புருஷன் கிருபாசங்கரை ரொம்பவே பிடித்துப் போயிருந்தது. அதிகம் சிரிக்காத மாமியாரைக்கூடப் பிடித்துத்தான் இருந்தது. அதனால்தான் கோயமுத்தூர் டாக்டர், “ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போயிருக்காம்மா?” என்று கேட்டதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனையும் மாமியாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, “இல்லீங்க டாக்டர்” என்றாள்.

மருந்துக் கடையில் கத்தரித்துக் கொடுத்த அட்டையில் மாத்திரையின் பெயர் பாதிதான் இருந்தது. அதை வைத்து அவளால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. உண்மையைச் சொன்னால் இந்த வீடே இல்லை. துப்புவது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்த வழி.

“புவனா, நான் பேசறது கேக்குதா?” தண்ணீருக்குள் தெரிவதுபோல் கிருபாசங்கரின் முகம் ஆடியது. “எஸ்.டி.டி. பூத்துல இருந்து டாக்டருக்குப் போன் பண்ணுனேன். மூணு நாள் மாத்திரைக்கும் கேக்கலைன்னா இனி ஊசிதானாமா. உடனே கூட்டிட்டு வரச் சொல்லிப்போட்டாரு. காருக்குச் சொல்லிட்டு வாரேன்.”

ஊசி! புவனாவின் மயக்கம் பாதி கலைந்தது. ஊசியைக் கன்னத்தில் ஒதுக்க முடியாதே.

அவன் வெளியே போனான். கரண்ட் நின்று, தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வள்ளியாத்தாள் வந்து நெற்றியில் ஈரத்துணி போட்டாள்.

“அத்தை...” புவனாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “ஊசி வேண்டாமுங்க அத்தை. போட்டா நான் செத்துப்போயிருவேனுங்க.”

“ஊசிக்குப் பயப்பட நீயென்ன பாப்பாவா அம்மணி?”

“அதில்லீங்க அத்தை.” தலையணை உறைக்குள் கைவிட்டுத் துண்டை எடுத்து, முடிச்சை அவிழ்த்தாள். ஒன்பது மாத்திரைகளும் ஓரம் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

வள்ளியாத்தாள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்குப் பென்சிலின் ஆகாதுங்க. சின்ன வயசுல சாகப் பொழைக்கக் கெடந்தேனுங்க. எங்கப்பா சொல்லவே கூடாதுன்னுட்டாரு. நானும் உங்களையெல்லாம் ஏமாத்திப்போட்டேன். என்னையத் தாராபுரத்துக்கே அனுப்பறதுன்னாலும் அனுப்பிப்போடுங்க. உங்க மகன்கிட்ட மட்டும் நீங்களே சொல்லிருங்க அத்தை. அவரு மூஞ்சியப் பாத்து என்னால சொல்ல முடியாதுங்க.”

சொல்லி முடித்ததும் உடம்பு லேசாகிவிட்டது. கட்டில் மறுபடி மிதக்கத் தொடங்கியது. இனி எந்தக் கரையில் போய்ச் சேர்ந்தாலும் சரி என்றிருந்தது.

வள்ளியாத்தாள் துண்டையே வெறித்துப் பார்த்தாள்.

“நிச்சயம் முடிஞ்ச மறுநாளே உன்ற அம்மா தனியா பஸ் ஏறி வந்து, எல்லாத்தையும் எங்கிட்டச் சொல்லிப்போட்டுத்தான் போனாங்க கண்ணு. ‘நான் சொன்னது எங்கூட்டுக்காரருக்கும் தெரியக் கூடாது, புள்ளைக்கும் தெரியக் கூடாது’ன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாங்க.” வள்ளியாத்தாளின் குரல் உடைந்தது. “அன்னைக்கு ஆசுபத்திரியில நீங்க ரெண்டு பேரும் எந்திரிச்சு வெளிய போனதும், டாக்டர்கிட்ட நாந்தான் வெவரஞ்சொல்லி, பென்சிலின் இல்லாத மாத்திரையா எழுதி வாங்கினேன். மூணு நாளா நீ துப்பினது பூராவும் உனக்கு ஒத்துக்கற மருந்து, சாமி!”