கிள்ளாத துரும்பு

"கிள்ளிப் போட்டுட்டு எந்திரிடா. செத்த நேரத்துல முடியுற காரியம்."

பெரியப்பா கருப்பணன் வைக்கோல் துரும்பை மூக்கையாவின் கையில் திணித்தார். சாவடி நிறைய ஆம்பளைகள். பஞ்சாயத்து ரேடியோவைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

புருசன்காரன் சபையில் துரும்பை இரண்டாகக் கிள்ளிப் போட்டால் தீர்ந்தது. அதோடு அவள் அவன் பெண்டாட்டி இல்லை. பொம்பளைக்கு அந்த உரிமை கிடையாது.

மூக்கையா பெண்டாட்டி பேச்சாயி மேல் சொன்ன குற்றம் ஒன்றுதான். கட்டி வந்து ஆறு வருசமாச்சு, வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லை.

"ஏலே, முந்தானையில முடிஞ்சு வச்சிருக்காளா ஒன்னைய?" என்றான் பங்காளி சோலைமுத்து.

"மீசைய வழிச்சிட்டு வளையலைப் போட்டுக்கச் சொல்லப்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

சாவடியே சிரித்தது. மூக்கையாவுக்குக் காது சுட்டது. வத்தலக்குண்டுப் பக்கமெல்லாம் கிணறு வெட்டிக் காய்த்துப்போன கைக்குள் துரும்பை இறுக்கிக்கொண்டான்.

தள்ளி, பெண்களோடு பேச்சாயி நின்றாள். மணிக்கட்டில் போட்ட மஞ்சள் பத்து காய்ந்திருந்தது. போன வாரம் வெஞ்சனத்தில் உப்புக் கூடிப்போச்சு. அந்தக் கோபத்தில் அவள் கையை முறுக்கிவிட்டான். அதெல்லாம் எந்த வீட்டில் இல்லை? அதுக்காக விட்டுவிட முடியுமா?

"அம்புட்டுப் பேரும் ஒண்ணாச் சொல்றோம். நீ ஒருத்தன் என்னடா முழிக்கிறே?" பெரியப்பா அதட்டினார்.

மூக்கையா எழுந்தான். துரும்பை முழுசாக அவர் காலடியில் போட்டான்.

"அவ எம் பொண்டாட்டி. ஊரே சேந்து சொன்னாலும் விட மாட்டேன். என்ன செய்வீங்களோ செஞ்சுக்கங்க!"

பேச்சாயி அப்படியே தரையில் குந்திவிட்டாள். சந்தோசத்தில் அவளுக்குக் கை கால் ஓடவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

வீடு வரைக்கும் அவள் அழுதுகொண்டே பின்னால் வந்தாள். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் நடந்தான். கதவைத் திறந்தால், மூலையில் அவள் சேலைகள் மூட்டையாய்க் கட்டிக் கிடந்தன.

"இன்னும் எதுக்கு அழுவுற? ஒனக்காக ஊரையே எதுத்துட்டு வாரேன், ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லக் கூடாதா?"

மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமலே சொன்னாள்:

"ஒங்க பெரியப்பா கால்ல விழுந்து, கூட்டம் போடச் சொன்னதே நாந்தேன்."